பானைக்குள் எல்லா வீடும்

போன வாரம் இந்தப் பத்தி முழுக்கப் பள்ளிக்கூடத்துக் கதையாகவே எழுதிவிட்டேன் என்று என் கணவருக்கு வருத்தம். "இத்தனை வருஷமா கூடவே இருக்கேன், ஒரு வரியிலகூட நான் வரலையே எஸ்தர்?" என்றார். சரி, ஐயா. இந்த வாரம் முழுக்க நீங்கள்தான். அச்சில் வந்த பிறகு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

காட்சி இதுதான். பீர்க்கன்கரணையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். சனிக்கிழமை காலை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் புது மண்பானை, அதன் வாயில் வெள்ளைத் துணி. பக்கத்து நாற்காலியில் பெருமாள் படம், அதற்கு ஒரு முழம் மல்லிகை. கறுப்புச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, பானைக்குள் கையை விட்டபடி நிற்கிறார் என் கணவர் அறிவழகன்.

கடவுள் இல்லை, இல்லவே இல்லை என்று மேடை மேடையாகச் சொன்ன மனிதர். பெருமாளுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார். சுற்றிலும் அக்கம்பக்கத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக் காற்றில் புதுப் பானை வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வருகின்றன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

இந்த மனிதர் அந்தப் பானைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

காலையில் மேடை, மாலையில் ஆலயம்

எங்களுக்கு ஒரே நாளில் இரண்டு கல்யாணம் நடந்தது. காலையில் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில், ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு உறுதிமொழி. அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சுயமரியாதைக் குடும்பம். பெண் விடுதலையைப் பற்றி ஆளாளுக்கு மேடையேறி முக்கால் மணி நேரம் பேசினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். எனக்கு மைக் தரவில்லை.

மாலையில் எங்கள் ஆலயத்தில் ஆசீர்வாத ஜெபம். "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று போதகர் வாசித்தார். அங்கேயும் எனக்கு மைக் தரவில்லை.

இரவில் நானே ஒரு உடன்படிக்கை போட்டேன். ஞாயிறு காலை நான் ஆலயத்துக்குப் போவேன், நீங்கள் தடுக்கக்கூடாது. நான் இல்லாத நேரத்தில் உங்கள் பழைய மேடைப் பேச்சுகளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். எங்கள் வீட்டு அரசியல் சட்டம் இவ்வளவுதான். இன்றுவரை ஒரு திருத்தம்கூட வரவில்லை. இதைவிடச் சின்னதாகச் சட்டம் எழுதிய நாடு உலகத்தில் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் புராட்டஸ்டண்ட் சனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதப் புத்தகம் குருவின் கையிலிருந்து அவரவர் கைக்கு வந்தது எங்கள் பெருமை. ஆளுக்கொரு புத்தகம் வந்தால் ஆளுக்கொரு கருத்து வரும். ஆளுக்கொரு கருத்து வந்த பிறகு ராஜாவுக்கு ஏது நிம்மதி? சீமையில் ராஜாக்களின் தலை உருண்டதில் இந்தக் கருத்துகளுக்கும் பங்கு உண்டு என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கள் சபையில் அவ்வளவு தூரம் போவதில்லை. சபைத் தேர்தல், மூன்று அணி, ஒரு கோர்ட் கேஸ், அதோடு நின்றுவிடும்.

தலைக்கு மேல் ஒரு சபை

எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் ரோஸ்லின் குடியிருக்கிறாள். வாடகைக்கு இருப்பவள். கணவர் இல்லை, பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள். கேளம்பாக்கத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் துப்புரவுப் பணியாளர்களுக்கு சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அவள் போகும் பெந்தெகொஸ்தே சபையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். பாட்டு, கைத்தட்டல், கூடவே சலங்கை கோத்த டாம்பரின் மேளம்.

அந்த டாம்பரின் இருக்கிறதே! என் கணவர் டிவியில் விவாத நிகழ்ச்சி பார்க்க உட்காரும் அதே நேரத்துக்கு அது தலைக்கு மேல் ஆரம்பிக்கும். "சாமி இல்லன்னு சொல்றவன் தலை மேலயே வந்து அடிக்கிறாங்களே" என்று எழுந்து நடப்பார். நான் சமையலறையில் நின்றுகொண்டு அந்தப் பாட்டைச் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருப்பேன். எங்கள் ஆலயத்தில் அப்படித் தட்டிப் பாடினால் முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பி முறைப்பார்கள். வீட்டில் பாட யாருடைய உத்தரவு வேண்டும்?

பொறுத்துப் பார்த்த என் கணவர் ஒரு நாள் குடியிருப்போர் சங்கத்துக்கு மனு கொடுத்துவிட்டார். குடியிருப்புக்குள் கூட்டு வழிபாடு கூடாது என்று பொதுக்குழு தீர்மானம் போட வேண்டுமாம்.

மறுநாள் ரோஸ்லின் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஓனர் துபாய்லேர்ந்து போன் பண்ணாரு. சங்கத்துல தீர்மானம் போட்டா அந்த மாசமே வூட்ட காலி பண்ணிடணுமாம். பொண்ணுக்குப் பரீட்சை வருது. ஏற்கனவே இதே பேஜாருக்கு ரெண்டு வூடு மாறிட்டேன். இன்னா பண்றதுன்னே தெர்ல."

நேராக வந்து கணவரிடம் சொன்னேன்.

"சும்மா சொல்லுவாங்க" என்றார் அவர். "அதுக்கெல்லாம் யாராவது வீட்டை காலி பண்ணுவாங்களா? நான் அவங்களை எதிர்க்கல எஸ்தர். கொள்கையைத்தான் பேசறேன்."

"உங்க கொள்கை மாடியில நிக்குது தோழரே. அதுக்காக அவங்க பாத்திரம் பண்டத்தைத் தலையில தூக்கிட்டு எறங்கணும்" என்றேன். தோழர் என்று நான் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ராஜா வேண்டுமா, கூட்டம் வேண்டுமா

பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்துக்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. பழைய தலைவர் மகளோடு இருக்க ஹைதராபாத் போய்விட்டார். புதுத் தலைவர் வேண்டும். கையைத் தூக்கித் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. முந்தைய தேர்தலில் அப்படிக் கை தூக்கப்போய், இரண்டு வீடுகளுக்கு நடுவே தீபாவளி முறுக்கும் கிறிஸ்துமஸ் கேக்கும் நின்றுபோயிருந்தன.

நான் வகுப்பில் அரசாங்கம் என்றால் ராஜா, மந்திரி, பாராளுமன்றம் என்று கரும்பலகையில் கட்டம் போடுவேன். எல்லாம் வீண். அவரவர் கும்பிடும் இடம் எப்படி நடக்கிறதோ அப்படித்தான் அரசாங்கமும் நடக்க வேண்டும் என்று மனிதர்கள் கேட்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

சேவியர் கத்தோலிக்கர். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "மேல ஒருத்தர் இருக்கணும் டீச்சர். எல்லாரும் பேசினா ஒரு வேலையும் நடக்காது" என்றார். அந்த ஒருத்தரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "போப்பாண்டவரை எடுக்கிற மாதிரி எடுப்போம். கேட்டைப் பூட்டிடுங்க. முடிவாகிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக்கூடாது."

"எனக்கு சுகர் இருக்கு" என்றார் வரதராஜன் சார். கேட் திறந்தே இருந்தது.

வரதராஜன் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அசல் வைணவர். எங்கள் சங்கத்துக்கு நிரந்தரச் செயலாளர். எப்போது செயலாளர் ஆனார் என்று அவருக்கே நினைவில்லை. அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார்.

"எதுக்கு வெளிநாட்டைப் பார்க்கணும்? இங்கேர்ந்து ஒரு பஸ் தூரத்துல உத்திரமேரூர் இருக்கு. சோழர் காலத்துலயே கோயில் சுவர்ல எழுதி வச்சிருக்கா. குடவோலை! பேரை எழுதிப் பானையில போடுங்கோ, ஒண்ணை எடுங்கோ. பகையும் இல்லை, பொறாமையும் இல்லை. பகவான் பார்த்துப்பார்."

எனக்கும் அது பிடித்திருந்தது. கர்த்தரைக் காட்டிக்கொடுத்த சீடனின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டுத்தான் புது ஆளை எடுத்தார்கள் என்று எங்கள் வேதத்திலும் இருக்கிறதே. புத்த பிட்சுக்கள் சங்கத்தில் குச்சி கொடுத்து வாக்கு எடுத்ததையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சாமியார்கள் சும்மா இருக்கவில்லை பாருங்கள்.

என் கணவர் எழுந்தார். "கல்வெட்டை முழுசா படிச்சீங்களா சார்? பேரை யார் வேணும்னாலும் போட முடியாது. சொந்த நிலம் இருக்கணும். சொந்த மனையில வீடு இருக்கணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். எங்க பாட்டன் அந்தப் பானைக்குப் பக்கத்துலகூட நின்னிருக்க முடியாது."

வரதராஜன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், அவர் ஆசையாகச் சொன்ன விஷயம்.

"சரி, என்னதான் பண்ணணும்கிறேள்?"

"பானை இருக்கட்டும். தகுதி மட்டும் வேண்டாம். நிலம், வேதம், ஆம்பளை, பொம்பளை, ஒண்ணும் கேக்கக்கூடாது. இங்க இருக்கிற எல்லா வீட்டு நம்பரும் உள்ள போகணும்."

"தாராளமா போகட்டுமே" என்றார் வரதராஜன் சார். அந்த நேரத்தில் அவருக்கு நிம்மதிதான் பெரிதாக இருந்தது. எல்லா நம்பரையும் நானே எழுதிச் சுருட்டிப் போட்டேன். பெருமாள் படத்தை அவர் மனைவி கொண்டுவந்து வைத்தார். சேவியர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சீட்டை யார் எடுப்பது? நான் எடுத்தால் என் கர்த்தர் ஒத்தாசை பண்ணுவார் என்று சந்தேகம். வரதராஜன் சார் எடுத்தால் பெருமாள். சேவியர் எடுத்தால் மாதா. கடைசியில் சேவியரே வழி சொன்னார்.

"அறிவழகன் சார் எடுக்கட்டும். அவருக்குத்தான் எந்த சாமியும் உதவி பண்ணாது."

சீட்டு

இப்படித்தான் என் கணவர் பெருமாள் முன்னால் பானைக்குள் கைவிட்டார். சீட்டை எடுத்தார். பிரித்தார். படித்தார். பிறகு அண்ணாந்து மேலே பார்த்தார். கார் நிறுத்துமிடத்தின் கூரையில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. சீட்டை வாங்கி நானே உரக்கப் படித்தேன். எங்கள் தலைக்கு மேல் வீடு.

ரோஸ்லின் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், மற்ற வாடகைக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் கூட்டங்களில் சொந்த வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், வாடகைக்காரர்கள் பின்னால் நிற்பார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

"அது வாடகை வீடாச்சே!" என்று வரதராஜன் சார் பதறினார். "சங்க விதி, பைலாவுல, ஓனர்தான் பொறுப்புக்கு வரலாம்னு இருக்கே. அறிவழகன் சார், உங்களுக்கும் அதான் சௌகரியம். இன்னொரு சீட்டு எடுத்துடுங்கோ."

சூனியம் என்பதே பொய் என்று வாதாடுகிற மனிதர், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு சீட்டு எடுத்தால் போதும். அடுத்து அவர் தீர்மானம் வரும், நிறைவேறும், வெள்ளிக்கிழமை மாலை டிவியில் விவாதம் பார்க்கலாம். நான் அவர் முகத்தையே பார்த்தேன். எடுத்துவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன். எடுத்திருந்தால் அன்றைக்கு மத்தியானம் சோறு கிடையாது, அதை மட்டும் முடிவு செய்துவிட்டேன்.

"உள்ள போடும்போது தகுதி கேக்கல" என்றார் மெதுவாக. "வெளிய எடுத்த பிறகு கேட்டா அதுக்குப் பேரு குடவோலை இல்ல சார், குதர்க்கம். பைலாவை மனுஷன்தான் எழுதினான். மனுஷன் மாத்தலாம்."

சேவியர் தலையாட்டினார். "போப்பாண்டவரை எடுத்துட்டு, சொந்த வீடு இருக்கான்னு யாரும் கேக்கறதில்ல."

வரதராஜன் சார் பெருமாள் படத்தைப் பார்த்தார், பைலா புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி பெருமாளைப் பார்த்தார். "அவர் சந்நிதியில எடுத்தாச்சு. நான் யார் மாத்தறதுக்கு? வாங்கோம்மா, வந்து உட்காருங்கோ."

ஒருவர் கடவுளுக்குப் பயந்து, ஒருவர் சபை வழக்கத்தை நினைத்து, ஒருவர் கடவுளே இல்லை என்று சொல்லி, மூன்று பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பரீட்சையில் இதற்கு நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

செருப்பும் நாற்காலியும்

ரோஸ்லின் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அடுத்த பொருளை வரதராஜன் சார் வாசிக்கும்போது அவர் குரலே எழும்பவில்லை. கூட்டு வழிபாட்டுக்குத் தடை.

அவள் உடனே எழுந்துவிட்டாள். "என் விசயம் வரப்ப நானே நடுவுல குந்திகினு இருந்தா நல்லாவா கீது? டீச்சர், இதுக்கு மட்டும் நீங்க உக்காருங்க."

அரசியல் சட்டத்தைப் பிள்ளைகளுக்கு மாய்ந்து மாய்ந்து நடத்தியவள் நான். இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் நடத்தியதில்லை. போய் உட்கார்ந்து, தீர்மானத்தைப் படித்தேன்.

"கூட்டு வழிபாடுன்னா... எங்க மார்கழி பஜனை?" என்றார் வரதராஜன் சார்.

"அதுவும்தான்" என்றார் என் கணவர்.

"மாதா சொரூபம் வீடு வீடா வரும்போது சொல்ற ஜெபமாலை?" என்றார் சேவியர்.

"அதுவும்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்கு மட்டும் பூட்டு வாங்குவதாக நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. தன் வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் தொங்குவது அப்போதுதான் தெரிந்தது.

"ரோஸ்லின், நீங்க சொல்றது எதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் என் கணவரைப் பார்த்துப் பேசினாள். கோபமே இல்லை.

"சார், ஞாயித்துக்கெளம நீங்க போடுற பேச்சு மேல வரிக்கும் கேக்கும். நானும் பொண்ணும் சமையல் பண்ணிகினே கேப்போம். எங்க அம்மா காலத்துல எங்க ஊர்ல பெரிய தெருவுல செருப்பு போட்டுகினு நடக்க முடியாது. உங்க கூட்டத்து ஆளுங்க வந்துதான், போட்டுகினு நடம்மா, நாங்க கூட வரோம்னு கூடவே நடந்தாங்களாம். அம்மா அத்த சொல்லிகினே இருக்கும். அப்பால சபைக்குப் போச்சு. அங்கதான் மொத மொத அதுக்கு ஒரு நாற்காலிய போட்டு, உக்காருங்க சகோதரி, நீங்க ஜெபம் பண்ணுங்கன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் எங்க அம்மாவ உக்காருன்னு சொன்னதில்ல சார். செருப்பு உங்களுது. நாற்காலி அவங்களுது. இதுல எத்த நான் வுட முடியும்?"

என் கணவர் மடித்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். வரதராஜன் சாரின் மனைவி வெளிப்படையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் என் கணவர். "சத்தத்துக்கு மட்டும் ஒரு நேரம் வைங்க. பாட்டோ, பஜனையோ, எல்லாருக்கும் ஒரே நேரம். என் ஸ்பீக்கருக்கும் சேர்த்து."

"டாம்பரின மட்டும் நான் சபையிலயே வுட்டுட்டு வந்துடறேன் சார்" என்றாள் அவள். "எனக்கே தலைவலிக்கும்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். கைகள் உயர்ந்தன. பின்னால் நின்றவர்களும் தூக்கினார்கள், அதையும் சேர்த்தே எண்ணினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ரோஸ்லின் சற்றுத் தள்ளிப் போய் மகளுக்குப் போன் பண்ணினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள், ஆனால் அந்த இடத்தில் எது பேசினாலும் எதிரொலிக்கும்.

"பாப்பா, வூடு மாத்தல... ஆமாண்டி, நெசமாத்தான். கட்டி வச்ச மூட்டையெல்லாம் பிரிச்சிடு. புஸ்தகத்த மொதல்ல எடுத்து வெளிய வை. ஃபேனு கழட்டுனதுதான் பேஜாரு, யாரையாச்சும் கூப்ட்டு மாட்டிக்கலாம்."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மாதம் அது. மேல் வீட்டில் ஃபேனைக் கழற்றி எத்தனை நாள் ஆயிற்றோ.

என் கணவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குள் போய், ஸ்க்ரூ டிரைவரையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு, மாடிப்படி ஏறினார்.